என் தோளில் விழாத துண்டு

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் உடுத்துகிற துணியைவிடச் சிவப்புத் துண்டுகள்தான் அதிகம் கிடந்தன. எல்லாம் நான் நகராட்சித் தேர்தலில் நின்றபோது வந்தவை. தேர்தலில் நின்றவள் நான், துண்டு வாங்கியவர் என் வீட்டுக்காரர். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு அப்போதும் சிரிப்பு வரவில்லை, இப்போதும் வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை. தூத்துக்குடிக்கு வடக்கே, தருவைகுளம் போகிற பாதையில் இருந்த உப்பளத்தில் எனக்குச் சுமட்டு வேலை. ஆண்கள் பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் கரையில் ஒதுக்குவார்கள். நாங்கள் அதை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் ஏற்றிக் கொண்டுபோய்க் குவியலில் தட்டுவோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று கிடக்கும். ஒரு மரம் கிடையாது, ஒரு குட்டிச்சுவர் கிடையாது. ஆண்களுக்கு அவசரம் என்றால் அந்தப் பக்கம் திரும்பி நின்றால் முடிந்தது. நாங்கள் எங்கே போவது? அதனால் வேலைக்கு வரும் புதுப்பெண்ணுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், தண்ணீர் குடிக்காதே என்பதுதான். அந்த வெயிலில், அந்த உப்புக்கு நடுவில், வாயை நனைத்துவிட்டுத் துப்பிவிடுவோம்.

குடியிருப்புக்கு வந்தாலும் அதே கதைதான். உப்பளத் தொழிலாளிகளும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் சேர்ந்து குடியிருந்த எங்கள் வார்டில் ஒரு கக்கூஸ் கிடையாது. விடியுமுன், ஊருக்கு வெளியே முள்மரம் மண்டிக் கிடந்த உடங்காட்டுக்குப் போய் வந்துவிட வேண்டும். தவறினால் பொழுது அடையும்வரை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். என்னோடு சேர்ந்து சுமக்கிற கூட்டாளி ஒருத்தி இருந்தாள். அடுத்த வீட்டுக்காரிதான். நீர்க்கடுப்பு வந்து, சுமையோடு நடக்கும்போதே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார்.

“நல்லாத்தான் சொல்லுதாவ. குடிச்சிட்டு எங்கன போயி இருக்க? உப்புக் குமி மேல ஏறியா?” என்று வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுந்து, பெண்களுக்கு ஒரு மறைவிடம் வேண்டும் என்று கோரிக்கையில் சேர்க்கச் சொன்னேன். பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சங்கச் செயலாளர் நல்ல மனிதர்தான், இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனவர். அவரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அதையெல்லாம் எழுதுனா மொதலாளி சிரிப்பாம்லா, தங்கச்சி. மொதல்ல கூலி. அது கெடைக்கட்டும்.”

முதலாளி எங்கே சிரித்தான்? சிரித்தது நம் ஆட்கள்தானே. அன்றைக்கே முடிவு செய்தேன், சங்கத்தில் கேட்டுப் பயன் இல்லை, நகராட்சியில்தான் கேட்க வேண்டும் என்று. அதற்கு உள்ளே போக வேண்டும். போக வழி தெரியவில்லை, ஆசை மட்டும் இருந்தது.

வழியை அவர்களே திறந்துவிட்டார்கள். எங்கள் வார்டு, சங்கத்தை நடத்துகிற எங்கள் செங்கொடிக் கட்சிக்குக் கோட்டை. நின்றால் ஜெயிப்பு என்பதால் செயலாளருக்கும் ஆசை, அவருக்குப் பிடிக்காத இன்னொரு தோழருக்கும் ஆசை. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அந்தக் கூத்தாடி நான்தான். யாருக்கும் தோல்வி இல்லாமல் இருக்க ஒரு பெண்ணை நிறுத்தலாம் என்று பேசி முடித்தார்கள். உப்பள வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் நம் ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனதும், பெண்களைத் திரட்டிப் போய் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து அத்தனை பேரையும் வெளியே கொண்டுவந்தவள் நான். அதைச் சொல்லி என்னை முன்மொழிந்தார்கள். கை தூக்கச் சொன்னபோது தூக்காத கை ஒன்றுகூட இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கூட்டாளி வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏளா, ஜெயிச்சி மொதல்ல கக்கூசக் கட்டு. ரோடு கீடெல்லாம் பெறவு போட்டுக்கலாம்.”

முதல் கூட்டம் டீக்கடை முக்கில் நடந்தது. எங்கள் கட்சியில் ஒரு வழக்கம் உண்டு. வேட்பாளருக்கு ஒவ்வொரு கிளையும் ஒரு சிவப்புத் துண்டு கொண்டுவந்து, பெயர் சொல்லி அறிவித்து, தோளில் போர்த்த வேண்டும். மாலை எல்லாம் பணக்காரக் கட்சிக்கு, எங்களுக்குத் துண்டு. முதல் துண்டோடு மேடை ஏறியவர் துறைமுகக் கிளைக்காரர். துண்டை உதறி, இரண்டு கையாலும் விரித்து, என் முன்னால் வந்து நின்றார். நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். அடுத்தவன் பெண்டாட்டி தோளில் எப்படிக் கை வைக்கிறது? கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவருக்கு வியர்த்துவிட்டது.

“கையில குடுங்க அண்ணாச்சி” என்றேன்.

“கையிலயா? அது மரியாதையா இருக்காதே, தங்கச்சி.”

முன்வரிசையில் இருந்து என் கூட்டாளி, “நான் வந்து போடட்டா?” என்று கேட்டாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிளை கொண்டுவந்த துண்டைக் கிளைக்காரர் கையால்தான் போட வேண்டும், அதுதான் அவர்களுக்குக் கௌரவம். கீழே டியூப்லைட் கட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை யாரோ கையைப் பிடித்து மேலே இழுத்தார்கள். துண்டு அவர் தோளில் விழுந்தது. கைதட்டல் பலமாக இருந்தது. அடுத்த துண்டும் அவருக்கே விழுந்தது. அதற்கு அடுத்த துண்டும் அவருக்கே.

மேடையில் நான் தோழர். இறங்கினால் தங்கச்சி. டீக்கடைக்குள் அவன் பொண்டாட்டி. அந்த ஒரு மாதத்தில் இந்த மூன்று பேராகவும் நான் இருந்தேன், வேட்பாளராக மட்டும் இருக்கவில்லை. சுவர் எழுத்தில்கூட என் வீட்டுக்காரர் பெயரைப் பெரிதாக எழுதி, அன்னாரின் துணைவியார் என்று அடியில் என்னைச் சேர்த்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தோள் காய்ச்சுப்போனவர். குடித்துவிட்டு வந்து கை நீட்டியதில்லை. முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் துண்டுகளை மடித்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, “எனக்குக் கூச்சமா இருக்குளா, நான் இனிமே மேடப் பக்கமே வரமாட்டேன்” என்றார். பாவமாக இருந்தது. ஆனால் நாலைந்து கூட்டம் கழிந்த பிறகு, துண்டோடு ஆள் வருவதைப் பார்த்ததும் அவராகவே மேடை ஏறி, போர்த்துகிறவருக்கு எட்டும்படி கழுத்தை லேசாகக் குனிந்து கொடுத்தார். அந்தக் குனிவை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வீடு வீடாகப் போகும்போது பெண்கள் உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். ஆண்கள் வாசலில் நின்று, “அண்ணாச்சி வரலியா?” என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். ஒருநாள் டீக்கடை வாசலில் நானே போய் நின்று ஓட்டுக் கேட்டேன். உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் சங்கத்து ஆட்கள். ஒருவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“நீங்க நல்ல பிள்ளதான், தங்கச்சி. ஆனா பாருங்க, பொழுதடைஞ்ச பெறவு நம்ம ஆளு ஒருத்தனப் போலீஸ்காரன் புடிச்சிட்டுப் போயிட்டாம்னு வைங்க. பொம்பள கவுன்சிலரு ஸ்டேசனுக்குப் போவ முடியுமா?”

“போன ஸ்ட்ரைக்குல ஒங்களயே ஸ்டேசன்லேருந்து கூட்டிட்டு வந்தது யாரு, அண்ணாச்சி?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, “அது வேற, தங்கச்சி” என்றார்.

அந்த ஒரு மாதமும் அந்தச் சொல்லைத்தான் கேட்டேன். ஆணும் பெண்ணும் சமம் என்று மேடையில் முழங்கினோமே? அது வேற. கூலிக்கும் கொடிக்கும் பெண்கள் வேண்டும்தானே? அது வேற. அதற்கு எதிர்ப்பேச்சு என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று சொல்கிறவனோடு சண்டை போடலாம். சரிதான், ஆனால் அது வேற என்று சொல்கிறவனோடு எங்கே சண்டை போடுவது?

வார்டின் கிழக்குக் கோடி கடற்கரை. சங்கு குளிக்கப் போகிறவர்கள் அங்கே குடியிருந்தார்கள். அவர்களிலும் எங்கள் ஆட்கள் உண்டு. வள்ளம் புறப்படுகிற நேரத்தில் போனால் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். போனதும் கூட வந்த தோழர், மூடநம்பிக்கை ஒழிப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர், என்னை மேட்டு மணலிலேயே நிறுத்திவிட்டார். “தண்ணியில எறங்கப்போற நேரம் பொம்பள எதுக்க வந்தா அவங்களுக்குப் பிடிக்காதுலா. எனக்கு அதுல நம்பிக்க கெடையாது. அவங்களுக்காவச் சொல்லுதேன்.” அவரும் என் வீட்டுக்காரரும் வள்ளத்தருகே போய் ஓட்டுக் கேட்டார்கள். நான் மேட்டில் நின்று கும்பிட்டேன். யாரும் என் பக்கம் திரும்பினதாகத் தெரியவில்லை.

ஓட்டுப் போடுகிற அன்று பள்ளிக்கூடத்தில் ஒரு அறை ஆண்களுக்கு, ஒரு அறை பெண்களுக்கு. பெட்டியும் தனித்தனி. சங்கத்து ஆண்கள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், “நம்ம ஓட்டு எங்க போவப்போவுது, தங்கச்சி?” என்றார்கள். கூட்டாளி அன்றும் வலியோடுதான் வந்தாள். வரிசையில் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து போய்ப் போட்டாள்.

ஓட்டு எண்ணும்போது எனக்காக உள்ளே உட்கார்ந்தவர் என் வீட்டுக்காரர். நான் வெளியே வேப்பமரத்தடியில் பெண்களோடு நின்றேன். முதலில் பெண்கள் பெட்டியைப் பிரித்தார்கள். எல்லாப் பெண்களும் எனக்குப் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. புருஷன் சொன்னபடி போட்டவள் உண்டு, என்மேல் பொறாமையில் மாற்றிக் குத்தியவளும் உண்டு. ஆனாலும் நான் நன்றாகவே முந்தியிருந்தேன். செய்தி வெளியே வந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். இனி எண்ண வேண்டியது ஆண்கள் பெட்டிதானே, அது நம் கோட்டைதானே என்று எல்லாரும் சிரித்தோம். ஒருத்தி என் வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டாள்.

அந்தச் சர்க்கரை கரைவதற்குள் என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஆம்பளப் பெட்டியில ஒண்ணுமே இல்லளா” என்றார். “எல்லாம் ஐஸ் கம்பெனிக்காரனுக்கு.”

ஐஸ் கம்பெனிக்காரர் என்பவர் என்னை எதிர்த்து நின்ற முதலாளி, உப்பளமும் வைத்திருந்தார். வேலைநிறுத்தத்தின்போது எங்களை ஆள் வைத்து அடித்தவர். அவருக்குக் குத்தினாலும் குத்துவோம், ஒரு பெண்ணுக்குக் குத்த மாட்டோம் என்று அந்தப் பெட்டி சொல்லிவிட்டது. வீட்டுக்கு நடக்கும்போது என் வீட்டுக்காரர் தன்னோடு மூட்டை தூக்குகிறவர்களை ஒவ்வொருவராக அடையாளம் சொல்லி, “அவன் போட்டிருப்பான், இவன் போட்டிருப்பான்” என்று விரலை மடக்கிக்கொண்டே வந்தார். பாதி வழியிலேயே, பெட்டியில் எனக்கு விழுந்த ஓட்டைவிட அவர் மடக்கிய விரல் அதிகமாகிவிட்டது. நீங்களாவது போட்டீர்களா என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. போட்டிருப்பார் என்றே நம்புகிறேன். கட்டின புருஷனைப் பற்றி இப்படி நம்பிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்கு வலி.

எங்கள் கட்சியில் தோற்றால் அழக் கூடாது, சுயவிமர்சனக் கூட்டம் போட வேண்டும். போட்டார்கள். வேட்பாளரைத் தேர்ந்தெடுத்ததில் அவசரப்பட்டுவிட்டோம் என்று ஒருவர் தன்னைத்தானே விமர்சித்துக்கொண்டார். மக்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்று செயலாளர் வருத்தத்தோடு சொன்னார்.

“மக்கள்னா யாரு, அண்ணாச்சி?” என்று எழுந்து கேட்டேன். “ஆம்பளப் பெட்டியில போட்டது நீங்கள்லாந்தான?”

செயலாளர், “ஓட்டுங்கது ரகசியம், தங்கச்சி. அதக் கேக்கது ஜனநாயக விரோதம்” என்றார். நான் வெளியே வந்துவிட்டேன். அன்று வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை.

மறுவாரம் உப்பளத்துக்குப் போகும்போது தகரப் பெட்டியில் இருந்து ஒரு சிவப்புத் துண்டை உருவி எடுத்துச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டேன். என் தோளில் விழாதது தலைக்காவது ஆகட்டும் என்ற வீம்புதான். உப்புத் தண்ணீர் பட்டதும் சாயம் கரைந்து நெற்றியில் ஒழுகியது. குவியலில் தட்டிய உப்பிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு ஏறிவிட்டது. கணக்குப்பிள்ளை, “எந்த மூதேவி உப்பக் கெடுத்தது?” என்று கத்தினார். நான்தான் என்றேன். அன்றைய கூலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த நகராட்சித் தேர்தல் வர வருஷக்கணக்காகிவிட்டது. அதற்குள் பெண்களுக்கென்று வார்டுகளை ஒதுக்கும் சட்டமும் வந்திருந்தது. பக்கத்து வார்டு பெண்களுக்கு. எங்கள் வார்டு பொது. மறுபடியும் நிற்கிறேன் என்று செயலாளரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குத் தலை நரைத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது.

“பொம்பளைங்களுக்குத்தான் தனியா ஒதுக்கிட்டாங்கல்லா? நம்மது பொது. பொதுன்னா ஆம்பளதான, தங்கச்சி?”

என் வீட்டுக்காரரை நிறுத்தினார்கள். எல்லாருக்கும் தெரிந்த முகம், போன தேர்தலில் வார்டு முழுக்கத் துண்டு வாங்கிய தோள். கோட்டை மறுபடியும் கோட்டையானது. ஆண்கள் பெட்டி நிரம்பி வழிந்தது என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். தகரப் பெட்டியில் இடம் போதாமல் புதுத் துண்டுகளைக் கொடியில் போட்டோம். கவுன்சிலர் பெண்டாட்டியான பிறகும் நான் உப்புச் சுமக்கத்தான் போனேன். எங்கள் கட்சிக் கவுன்சிலருக்கு வேறு வரும்படி கிடையாது. அந்த மட்டுக்கும் அவர் யோக்கியர்தான், அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

நான் நச்சரித்து நச்சரித்து, கடைசியில் கக்கூஸ் வந்தது. டீக்கடைக்குப் பக்கத்தில், குழாய் வசதி இருக்கிறது என்று அங்கே கட்டினார்கள். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். திறப்பு விழாவுக்குப் பெண்கள் எல்லாரும் வந்தோம். ஒருத்தி ஆரத்தித் தட்டுகூடக் கொண்டுவந்தாள். அதோடு சரி. ஆண்கள் பக்கம் எப்போதும் திறந்து கிடந்தது. பெண்கள் பக்கத்தைப் பூட்டி, பாதுகாப்புக்கென்று சாவியை டீக்கடைக்குள் ஆணியில் மாட்டிவிட்டார்கள். உள்ளே இருபது ஆண்கள் உட்கார்ந்திருக்கிற கடைக்குள் போய், எனக்கு வருகிறது, சாவி கொடுங்கள் என்று எந்தப் பெண் கேட்பாள்? ஒருத்தியும் கேட்கவில்லை. பழையபடி விடியுமுன் உடங்காட்டுக்கே போனார்கள். அந்தக் காட்டையும் பாதிக்குமேல் வெட்டி மனை போட்டுவிட்டதால் முன்னைவிடத் தூரம் நடக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் உச்சிவெயிலில் என் கூட்டாளி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசல் நிலையில் சாய்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த நோய் அவளை விடவே இல்லை. “ஏளா, காடு வரைக்கும் நடக்க முடியாது போல இருக்கு” என்றாள். நான் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். சாவியைக் கேட்டேன். ஸ்டேஷனுக்கு யார் போவது என்று அன்று கேட்டாரே, அவரும் உள்ளேதான் இருந்தார். கடைக்காரர் ஆணியில் இருந்து சாவியை எடுத்துக்கொண்டே, “யாருக்கு? ஒங்களுக்கா, அவங்களுக்கா?” என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அத்தனை தலையும் என் கூட்டாளி பக்கம் திரும்பியது. அவள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பூட்டைத் திறந்தேன். உள்ளே கொடிக்கம்புகள், மடக்கு நாற்காலிகள், மைக் குழாய், என் வீட்டுக்காரர் படம் போட்ட நோட்டீஸ் கட்டு. கால் வைக்க இடம் இல்லை. “யாருமே வாரதில்லன்னுதான் சாமானப் போட்டு வச்சோம்” என்று பின்னால் இருந்து யாரோ சொன்னார்கள். கூட்டாளி என் கையை விலக்கிவிட்டு, அந்த வெயிலில் லாரிகள் போகிற ரோட்டோரமாக உடங்காட்டைப் பார்த்து நடந்தாள். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தாள். நான் ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் கேட்டேன். “அந்தச் சாவிய எங்கிட்டக் குடுத்திருங்க. நான் பாத்துக்கிடுதேன். பொம்பளைங்க இங்கன வந்து வாங்கிக்கிடட்டும்.”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, மெதுவாக மடித்துக் கொடியில் போட்டார்.

“பொதுச் சொத்துலா. பொறுப்பான ஆள்ட்ட இருக்கணும்.”

“ஸ்டேசனுக்குப் போயி அத்தன பேரையும் கூட்டிட்டு வந்தவ பொறுப்பான ஆளில்லையா?”

“அது வேறளா” என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். மறுநாள் உப்பளத்தில் முதல் சுமையைத் தட்டிவிட்டு வந்து, என் கூட்டாளி தண்ணீர்ச் செம்பைத் தூக்கி வாயை நனைத்துவிட்டுத் துப்பினாள். செம்பை என்னிடம் நீட்டினாள். நானும் துப்பினேன்.